சானல் கரையிலும் கடற்கரையிலும் இருக்கும் வீடுகள்: இடித்து மாற்றுவதா, இருந்த இடத்திலேயே சீர்செய்வதா?

#1 மாலைப்பள்ளி

நாகர்கோவிலில் சானல் (பாசனக் கால்வாய்) கரையில் இரண்டு தலைமுறையாக இருக்கும் ஒரு குடியிருப்புக்கு ஆக்கிரமிப்பு அகற்றும் நோட்டீஸ் வந்திருக்கிறது. அங்குள்ளவர்கள் கேட்டுக்கொண்டதால் தெருவின் பெயரைப் போடவில்லை. மாற்று வீடு உண்டு என்று வாய்ப்பேச்சாகச் சொல்கிறார்கள். எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு மாலை நேரம் பாடம் சொல்லிக்கொடுப்பதால் வீடுகளும் ஆட்களும் எனக்குப் பழக்கம். ஆண்கள் கொத்தனாருக்குக் கையாள், பெயின்டர், லோடு வேலை. பெண்களில் பாதிப்பேர் சுற்றியுள்ள வீடுகளில் வேலை செய்கிறார்கள், சிலர் கோட்டாறு மார்க்கெட்டுக்குப் போகிறார்கள். எல்லாம் நடந்து போகிற தூரம்.

இது ஒரு தெருவின் பிரச்சினை இல்லை. 2011 கணக்கெடுப்பில் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் சுமார் 18.7 லட்சம் பேர். சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல். நூற்றுக்கு 82 பேர் நகர்ப்புறக் கணக்கில் வருகிறார்கள். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நடுவில் வயலும் குளமும் தோப்பும். சென்ட் விலை லட்சங்களில் போகும் ஊரில் கூலிக்காரர் இடம் வாங்க வழியில்லை. சானல் கரை, பழையாற்றங்கரை, குளத்தங்கரை, கடற்புறம் என்று புறம்போக்கு இருந்த இடத்தில் எல்லாம் வீடு வந்தது இப்படித்தான்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அவர்களை இருந்த இடத்திலோ, தண்ணீருக்கு இடைஞ்சல் என்றால் கூப்பிடு தூரத்திலோ வைத்துத்தான் எதையும் செய்ய வேண்டும். முதலில் நிலத்தில் உரிமை. அடுத்தது குடிநீர், வடிகால், பாதை. வீட்டை அவர்களே கட்டிக்கொள்வார்கள், இதுவரை கட்டியதும் அவர்கள்தான். உலகத்தில் ஏறக்குறைய 100 கோடிப் பேர் இப்படிப்பட்ட இடங்களில் வாழ்கிறார்கள். 1969-ல் ஜகார்த்தாவில் தொடங்கிய கம்போங் மேம்பாட்டுத் திட்டம் யாருக்கும் வீடு கட்டிக் கொடுக்கவில்லை. நடைபாதை, வடிகால், குடிநீர்க் குழாய், பொதுக் கழிப்பறை போட்டது. பாதையும் தண்ணீரும் வந்த பிறகு ஜனங்கள் மூங்கில் தட்டியை எடுத்துவிட்டுச் செங்கல் வைத்தார்கள். இனி இங்கிருந்து விரட்ட மாட்டார்கள் என்ற தைரியம் வந்தால் யாரும் கையில் இருக்கிற காசை வீட்டில்தான் போடுவார்கள்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கட்டாயம் எழுதுங்கள். நோட்டீஸுக்குப் பதில் எழுத வேண்டிய வேலை இருக்கிறது.

#2 பழைய பொதுப்பணி

தம்பி, உங்கள் அக்கறை புரிகிறது. நான் பாசனப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சானல் கரையை வெறும் காலி இடமாகப் பார்க்காதீர்கள். கரை இருந்தால்தான் சானல். தூர்வார ஜேசிபி வந்து நிற்க இடம் வேண்டும், அள்ளிய மண்ணைப் போட இடம் வேண்டும், உடைப்பு எடுத்தால் லாரியில் மணல் மூட்டை வர வழி வேண்டும். கரையில் வரிசையாக வீடு இருந்தால் இது எதுவும் நடக்காது. சாக்கடைக் குழாயை நேராகச் சானலுக்குள் விட்டிருப்பார்கள், அதே தண்ணீரில்தான் கீழே குளிக்கிறார்கள்.

2021 நவம்பர் மழையை மறந்துவிட வேண்டாம். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. அணையில் உபரி திறந்து, அதே நேரத்தில் மழையும் விடாமல் பெய்தால் தாழ்ந்த கரையில் இருப்பவர்கள்தான் முதலில் முகாமுக்கு ஓட வேண்டும். அவர்களை அங்கேயே வைத்திருப்பதுதான் அக்கறையா?

#3 கடைவரம்பு

அண்ணன் சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன். எங்களுக்கு வயல் கடைவரம்பில், அதாவது சானல் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடத்தில். மேலே சானல் சுருங்கினால் எங்களுக்குத் தண்ணீர் வந்து சேராது. பயிர் கருகுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற விவசாயியும் ஏழைதான். கரையில் இருப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது, ஆனால் எங்கள் தண்ணீரையும் கணக்கில் எடுங்கள்.

#4 மாலைப்பள்ளி

இரண்டு பேர் சொன்னதும் நியாயம். தண்ணீர் போகும் வழியை அடைத்துக்கொண்டு யாரும் இருக்க முடியாது, அதில் எனக்கு வாதம் இல்லை. அதற்காகப் பல கிலோமீட்டர் தள்ளி அனுப்பத்தான் வேண்டுமா என்பதே என் கேள்வி.

பாங்காக்கில் பாங் புவா என்று ஒரு கால்வாய். அதன் கரையிலும், தண்ணீருக்கு மேலேயே கால் நட்டும் வீடுகள் இருந்தன. சாக்கடை, குப்பை எல்லாம் கால்வாயில். வெள்ளத்துக்கு இவர்கள்தான் காரணம் என்று அங்கேயும் அகற்றப் பார்த்தார்கள். தாய்லாந்து அரசு 2003-ல் பான் மங்கோங் என்ற திட்டம் தொடங்கியது. அதன் கீழ் அந்தக் கரை மக்கள் சேமிப்புக் குழு அமைத்தார்கள், கூட்டுறவுச் சங்கம் பதிவு செய்தார்கள், தங்கள் குடியிருப்பைத் தாங்களே அளந்தார்கள். தண்ணீர் மேல் இருந்த வீடுகளை எல்லாம் எடுத்து, கரையில் இருந்த வீடுகளையும் நெருக்கி மறுபடி அடுக்கினார்கள். கால்வாய்க்கும் வீட்டு வரிசைக்கும் நடுவே ஒரு பாதை வந்தது. நிலம் அரசுக் கருவூலத் துறையுடையது, அதை 30 வருஷக் குத்தகைக்குச் சங்கத்தின் பெயரில் வாங்கினார்கள். வீட்டுக் கடனும் சங்கத்தின் வழியாகத்தான்.

பழைய பொதுப்பணி சார், நீங்கள் கேட்கிற ஜேசிபி வழி அந்தப் பாதைதான். நம் ஊரில் வீட்டின் முதுகு சானலைப் பார்த்து இருக்கிறது, அதனால் குப்பையும் சாக்கடையும் பின்பக்கம் போகின்றன. வாசலைச் சானல் பக்கம் திருப்பிப் பாதை போட்டால் அவரவர் வாசலை அவரவர் பார்த்துக்கொள்வார்கள். எல்லா இடத்திலும் இது முடியாது என்பதும் தெரியும். கரை ரொம்ப ஒடுங்கிய இடங்களில் சில வீடுகள் நகர்ந்துதான் ஆக வேண்டும். அந்தச் சில வீடுகளுக்கு அதே வார்டில் இடம் தேடுவது முடியாத காரியமா?

#5 அலைவாய்க்கரை

கடற்புறத்திலிருந்து எழுதுகிறேன். 2004 சுனாமிக்குப் பிறகு இந்த வாதம் எல்லாம் எங்கள் ஊர்களில் நடந்து முடிந்ததுதான். கொட்டில்பாடு, குளச்சல், மேலமணக்குடி என்று இழப்பைப் பார்த்த ஊர்கள் எவ்வளவு! அந்தச் சமயத்தில் கடல் பக்கமே போக வேண்டாம் என்றுதான் எல்லோருக்கும் மனசு. 2005 மார்ச்சில் அரசாணை வந்தது. அலை ஏறும் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் இருப்பவர்கள் வெளியே வந்தால் சுமார் ஒன்றரை லட்சம் ரூபாயில் கட்டிய வீடு, பட்டா கணவன் மனைவி இருவர் பெயரிலும். அந்தக் கூட்டுப் பட்டா நல்ல காரியம், இன்றும் சொல்வேன். ஆனால் பழைய மனையை அரசுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். வர மாட்டேன் என்றால் அங்கேயே இருந்துகொள்ளலாம், அரசின் உதவி கிடையாது. யோசிக்க நேரம் இல்லாத, வீட்டில் இழவு விழுந்த ஜனங்களிடம் அப்படி ஒரு கேள்வி.

புது வீடு சிமெண்டில், கரண்டோடு, கடல் வராத இடத்தில். குறை சொல்ல முடியாது. அம்மா அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் கஷ்டம் தெரிந்தது. அவர்கள் மீன் வியாபாரம். விடிவதற்கு முன்னால் வள்ளம் கரையேறும், அப்போது அங்கே நிற்பவருக்குத்தான் ஏலத்தில் மீன். முதல் பஸ் வருவதற்குள் ஏலம் முடிந்துவிடும். ஆட்டோ பிடித்தால் அன்றைய லாபம் ஆட்டோவுக்கு. கட்டுமரத்துக்குப் போகிறவர்கள் கடலைப் பார்த்துத்தான் இன்று போகலாமா என்று முடிவு செய்வார்கள், காற்று மாறினால் மரத்தை மேலே ஏற்ற ஆள் கூப்பிட வேண்டும். இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி இருந்துகொண்டு அதைச் செய்ய முடியாது. வலையும் எஞ்சினும் வைக்க அந்தச் சின்ன வீட்டில் இடம் இல்லை. அதனால் பலர் பகலெல்லாம் பழைய கரையிலேயே ஷெட் போட்டு இருந்தார்கள், சிலர் புது வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுத் திரும்பியே வந்துவிட்டார்கள்.

எல்லாக் கடற்புறமும் ஒன்று என்றும் நினைக்காதீர்கள். தூத்தூர் பக்கம் ஆழ்கடல் தொழில். படகு தேங்காய்ப்பட்டணத்திலும் கொச்சிப் பக்கமும் கிடக்கும், ஆள் வாரக்கணக்கில் கடலில். அவர்களுக்கு வீடு கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி இருந்தால் தொழில் கெடாது. கட்டுமரக்காரருக்கும் மீன் விற்கும் பெண்ணுக்கும் கெடும். யார் என்ன தொழில், எத்தனை மணிக்கு எங்கே நிற்க வேண்டும் என்று கேட்டுவிட்டு இடம் பார்த்திருந்தால் பாதிச் சிரமம் வந்திருக்காது. எங்களை யாரும் கேட்கவில்லை.

இன்னொரு சங்கதி. எங்கள் பக்கம் மகளுக்கு வீட்டில் ஒரு பங்கு கொடுப்பது வழக்கம். பழைய வீட்டில் பக்கத்தில் ஒரு அறை, மேலே ஒரு அறை என்று வளர்த்துக்கொண்டு போகலாம். அளவு எடுத்து அடைத்த மனையில் மகளுக்கு எங்கே கொடுப்பது?

#6 பெருங்குடி நாஞ்சிலான்

அக்கா எழுதியதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. சென்னையில் வேலை, பெரும்பாக்கம் பக்கம் அடிக்கடி போவேன்.

1970-ல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது வழி வேறாக இருந்தது. நொச்சிக்குப்பம் மாதிரி இடங்களில் அதே மண்ணிலேயே மாடி வீடு கட்டினார்கள். மீனவர் கடற்கரையிலேயே இருந்தார்கள். 1977-க்கு அப்புறம் உலக வங்கிக் கடனில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் மனை பிரித்து, ரோடு, குழாய், கழிப்பறை வசதி செய்து கொடுத்தார்கள். வீட்டை ஜனங்கள் தங்கள் வசதிக்கு ஏற்பக் கட்டினார்கள். இன்று அந்தத் தெருக்களில் நடந்தால் மற்ற தெருவிலிருந்து வித்தியாசமே தெரியாது.

2000-ஆம் வருஷவாக்கில் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடங்களில் 20,000 வீடுகளுக்கு மேல். நகரத்துக்குள் வேலை பார்த்தவர்களைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். வீட்டு வேலைக்குப் போன பெண்களுக்கு அந்த வேலை போனது. படிப்பை நிறுத்திய பிள்ளைகள் உண்டு. லிப்ட் நின்றால் வயதானவர்கள் அன்று வீட்டோடு. கண்ணகி நகர் என்று விலாசம் சொன்னால் வேலை தர யோசிக்கிறார்கள் என்று அங்கிருக்கும் பையன்களே சொல்கிறார்கள்.

2021-ல் வாரியத்தின் பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். வாரியத்தின் ஆரம்ப வருஷங்களில் செய்ததை மறுபடி செய்தாலே போதும் என்பது என் ஆசை. நாகர்கோவில் 2019-ல்தான் மாநகராட்சி ஆனது. சென்னை போன வழியில் போகாமல் இருக்க நமக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

#7 தோஹா மார்த்தாண்டம்

மக்கா, எல்லாம் சரி. ஆனால் பட்டா கொடுத்தால் அடுத்த வருஷமே பெரிய ஆள் வந்து விலைக்குக் கேட்பான். கடன் இருக்கிறவர் கொடுத்துவிட்டு இன்னொரு புறம்போக்கைத் தேடிப் போவார். நான் வெளியூரில் சம்பாதித்து மூன்று சென்ட் வாங்க எத்தனை கஷ்டப்பட்டேன் என்று எனக்குத் தெரியும். இனாமாகக் கொடுப்பது சரியா என்ற கேள்வி நிறையப் பேர் மனசில் இருக்கிறது, நான் வெளியே சொல்கிறேன்.

#8 புலப்படம்

நான் நில அளவைப் பிரிவில் இருந்தவன், அதனால் இதற்குப் பதில் சொல்லலாம்.

விற்றுவிடுவார்கள் என்ற பயத்துக்கு வழி இருக்கிறது. ஒடிசாவில் 2017-ல் குடிசைப்பகுதி மக்களுக்கு நில உரிமைச் சட்டம் கொண்டுவந்தார்கள். அந்த உரிமை பிள்ளைகளுக்குப் போகும், வங்கியில் அடமானம் வைக்கலாம், விற்க முடியாது. திருமணமானவர்களுக்கு இருவர் பெயரிலும். இளைஞர்களைப் பழக்கி ட்ரோன் வைத்து அளந்து, தெருக்காரர்கள் சரிபார்த்த பிறகே சான்றிதழ். 2019-ல் அதற்கு உலக வாழ்விட விருது கிடைத்தது. தாய்லாந்தில் சங்கத்தின் பெயரில் குத்தகை என்பதும் இதற்காகத்தான். தனி ஆள் தனியாக விற்க முடியாது. நம் ஊர் இலவச மனைப் பட்டாவிலும் குறிப்பிட்ட காலம் விற்கக்கூடாது என்ற நிபந்தனை இருக்கிறது.

தம்பி கேட்ட அடுத்த கேள்வி, இனாமா என்பது. அந்தக் கரை மண்ணை நிரப்பி, கல் போட்டு, மேடாக்கி, வீடாக்கியதில் அவர்கள் இரண்டு தலைமுறைக் கூலி போயிருக்கிறது. பலர் வீட்டு வரியும் கட்டுகிறார்கள், பி மெமோ (புறம்போக்கில் இருப்பதற்கு வருவாய்த்துறை தரும் நோட்டீஸ்) அபராதமும் கட்டியிருக்கிறார்கள். அவர்கள் உழைப்பில்தான் பக்கத்துத் தெருக்களில் மாடி வீடு எழுந்தது. இதையும் கணக்கில் வையுங்கள்.

ஒரு விஷயம் மாலைப்பள்ளி கவனிக்க வேண்டும். நீர்வழிப் புறம்போக்கு என்று பதிவாகியிருந்தால் அது ஆட்சேபணைக்குரிய புறம்போக்கு. அதில் பட்டா கேட்டு மனு போட்டால் அலுவலகத்தில் எவ்வளவு நல்ல மனுஷர் இருந்தாலும் கொடுக்க முடியாது. அதற்காக நம்பிக்கை இழக்க வேண்டாம். சானலின் அளவு ஒன்று, கரையை ஒட்டிய நிலத்தின் வகைப்பாடு வேறு என்று பல இடங்களில் இருக்கும். சர்வே எண்ணும் உட்பிரிவும் பார்த்தால்தான் தெரியும்.

#9 தோஹா மார்த்தாண்டம்

அண்ணே, வரி கட்டுகிற விஷயம் எனக்குத் தெரியாது. விற்க முடியாத உரிமை என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

#10 பழைய பொதுப்பணி

மாலைப்பள்ளி, பாங்காக் விஷயத்தைப் படித்தேன். பாதை விட்டு வீட்டைப் பின்னால் தள்ளுவது நடக்கக்கூடியதே. மூன்று நிபந்தனை சொல்கிறேன். ஒன்று, தூர்வாரும் இயந்திரம் போகிற அகலம் தொடர்ச்சியாக விட வேண்டும், நடுவில் ஒரு வீடு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தால் பாதை இருந்தும் பயன் இல்லை. அடுத்தது, வீட்டுத் தரை 2021-ல் தண்ணீர் ஏறிய மட்டத்துக்கு மேலே. அப்புறம் சாக்கடை. ஒரு சொட்டுகூடச் சானலில் விழக்கூடாது. பாதாள சாக்கடை அந்தத் தெருவுக்கு வரும்வரை காத்திருப்பேன் என்றால் எத்தனை வருஷம் ஆகும் என்று சொல்ல முடியாது.

#11 மாலைப்பள்ளி

சார், மூன்றையும் அப்படியே பதிலில் சேர்க்கிறேன், உங்கள் அனுமதியோடு.

சாக்கடைக்குப் பாகிஸ்தானில் கராச்சியின் ஒராங்கி குடியிருப்பைப் பார்க்கலாம். 1980-ல் சமூக சேவகர் அக்தர் ஹமீத் கான் அங்கே வேலை தொடங்கியபோது அரசு குழாய் போடும் என்று ஜனங்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். அவர் தெருத்தெருவாகப் பேசினார். ஒரு சந்தில் இருக்கும் வீடுகள் சேர்ந்து பணம் போட்டு, தங்கள் சந்துக்குள் குழாயைத் தாங்களே பதிக்க வேண்டும். அவருடைய குழு மட்டம் பார்த்துக் கொடுக்கும், வரைபடமும் கருவியும் கொடுக்கும். சந்துக்கு வெளியே பெரிய குழாயும் சுத்திகரிப்பும் அரசின் பொறுப்பு. ஒப்பந்தக்காரர் செலவில் ஒரு பகுதியிலேயே வேலை முடிந்தது, பல்லாயிரம் வீடுகள் இணைந்தன. அந்த வேலையைத் தொடர்ந்து நடத்திய பர்வீன் ரஹ்மானை 2013-ல் சுட்டுக் கொன்றார்கள். குடியிருப்புகளை வரைபடத்தில் பதிவது அங்கே நிலத்தைப் பிடுங்க நினைத்தவர்களுக்கு அவ்வளவு பெரிய தடையாக இருந்தது.

நம் கரைத் தெருவில் கொத்தனார்கள் இருக்கிறார்கள், பிளம்பிங் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நாலைந்து வீட்டுக்கு ஒரு செப்டிக் டேங்க், அதை மாநகராட்சி லாரி வந்து எடுக்க வழி. இதற்கு அவர்களே உழைப்புத் தருவதாகச் சொல்கிறார்கள். அவர்கள் கேட்பது ஒன்றே ஒன்று. கட்டி முடித்த பிறகு இடிக்க வர மாட்டோம் என்று எழுத்தில் ஒரு வாக்கு. அகமதாபாத்தில் 1995-ல் தொடங்கிய பரிவர்த்தன் திட்டத்தில் மாநகராட்சி பத்து வருஷத்துக்கு அகற்ற மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தது. வீட்டுக்கு 2,000 ரூபாய் மக்கள் பங்கு. பத்து வருஷ வாக்குக்கே ஜனங்கள் காசு போட்டார்கள்.

#12 கடைவரம்பு

தண்ணீர் தடையில்லாமல் வரும், சாக்கடை கலக்காது என்று எழுத்தில் வந்தால் எங்கள் பாசன சங்கத்தில் நான் பேசுகிறேன். நாங்களும் மனுவில் கையெழுத்துப் போட்டால் அதிகாரிகள் வேறு மாதிரி பார்ப்பார்கள்.

#13 அலைவாய்க்கரை

கடைவரம்பு அண்ணன் சொன்னதைக் கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. மாலைப்பள்ளி, கூட்டம் போடும்போது பெண்களைத் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். எங்கள் ஊரில் கணக்கெடுக்க வந்தவர்கள் ஆண்களிடம் பேசிவிட்டுப் போனார்கள். எத்தனை அறை வேண்டும் என்று ஆண்கள் சொன்னார்கள். தண்ணீர் எங்கிருந்து வரும், துணி எங்கே காயும், ராத்திரி கழிப்பறைக்குப் போகிற வழியில் வெளிச்சம் உண்டா, இதெல்லாம் யாரும் சொல்லவும் இல்லை, கேட்கவும் இல்லை. வீட்டில் இருந்தே தையலோ, மாவு அரைத்து விற்பதோ, முந்திரி உடைப்பதோ செய்கிறவர்கள் இருந்தால் அதற்கும் இடம் கேளுங்கள். வாடகைக்கு இருப்பவர்களையும் விட்டுவிடாதீர்கள். பட்டியலில் எப்போதும் விடுபடுவது அவர்கள்தான்.

பஸ் இலவசம், தூரம் ஒரு பிரச்சினையே இல்லை என்று யாராவது சொன்னால், காசு மிச்சமாகும், நேரம் மிச்சமாகாது என்று சொல்லுங்கள். வீட்டு வேலைக்குப் போகிற பெண் நடுவில் பதினொரு மணிக்கு வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகிறாள். ஊருக்கு வெளியே போனால் அது முடியாது.

#14 மாலைப்பள்ளி

அக்கா, வாடகைக்காரர்களை நான் பட்டியலில் சேர்க்கவே இல்லை. இன்று மாலையே போய்ச் சேர்க்கிறேன். பெண்கள் கூட்டத்துக்கு முடிந்தால் நீங்களும் வாருங்கள், உங்கள் அனுபவத்தை அவர்கள் நேரில் கேட்க வேண்டும்.

புலப்படம் அண்ணே, நோட்டீஸ் 1905-ஆம் வருஷ ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவில் வந்திருக்கிறது. என்ன செய்ய வேண்டும்?

#15 புலப்படம்

7-ஆம் பிரிவு என்றால் விளக்கம் கேட்கும் நோட்டீஸ். இடிப்பு உத்தரவு இல்லை. 6-ஆம் பிரிவில் அகற்றுவதற்கு முன்னால் உங்கள் தரப்பைக் கேட்டாக வேண்டும். தேதி தவறாமல் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தனித்தனியாகப் பதில் கொடுத்து முத்திரையோடு நகல் வாங்கட்டும். ஊர் மனு மட்டும் போதாது. வீட்டு வரி ரசீது, கரண்ட் பில், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, பி மெமோ ரசீது, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றிலும் பழையது எதுவோ அதை முதலில் வையுங்கள். இவை நில உரிமை தராது, எத்தனை வருஷமாக இருக்கிறார்கள் என்பதற்குச் சாட்சி. 1985-ல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வாழ்வாதாரமும் உயிர்வாழும் உரிமையில் சேரும் என்றது. சட்டப்படியான நடைமுறையில் அகற்றலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. அதனால் நடைமுறையில் நம் பக்கம் ஒரு குறையும் இருக்கக்கூடாது. ஒரு வக்கீலையும் பார்த்துவிடுங்கள்.

அதற்கு முன் தாலுகா அலுவலகத்தில் அந்தச் சர்வே எண்ணுக்குப் புலப்படமும் (நில அளவை வரைபடம்) அ-பதிவேட்டு நகலும் (நிலத்தின் வகைப்பாடு பதிவான ஏடு) வாங்குங்கள். நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956-க்கு முந்தைய ஆவணம் மலையாளத்தில் இருக்கலாம், படிக்க ஆள் வேண்டும். புலப்படத்தில் சானலின் அகலம் என்ன, இப்போது தரையில் என்ன, இரண்டையும் நாமே டேப் பிடித்துப் பார்த்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன்.

#16 பழைய பொதுப்பணி

அளக்கும்போது என்னையும் கூப்பிடுங்கள். மட்டம் பார்க்கும் கருவி என்னிடம் இருக்கிறது. 2021-ல் எந்த வீட்டில் எவ்வளவு தண்ணீர் ஏறியது என்று சுவரில் அடையாளம் இருந்தால் வெள்ளையடித்துவிட வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.